வாய் ஓயாத வில்லனை உருவாக்குவது எப்படி: மதகு முதல் மைக் வரை

வீடியோ விளையாட்டின் கடைசிக் கட்டம். ஏரி மதகின் சக்கரத்தில் ஒரு கை, மைக்கில் ஒரு கை. வில்லன் பேச ஆரம்பிக்கிறார். ஆடுபவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், பால் காய்ச்சி, டிகாக்ஷன் ஊற்றி, நுரை வர ஆற்றி, டம்ளரோடு திரும்பி வருகிறார். வில்லன் இன்னும் தன் எட்டாம் வகுப்புக் கதையைத் தாண்டவில்லை.

பழி பேச்சின் நீளத்தின் மேல் விழும். ஆனால் ஒரு மணி நேரம் பேசினாலும் அலுக்காத வில்லன்கள் உண்டு, இருபது விநாடியில் கொட்டாவி வரவைப்பவர்களும் உண்டு. "உலகை ஆள வேண்டும்" என்பது ஒருவன் கெட்டது செய்யக் காரணம் ஆகலாம். அது பேசுவதற்குக் காரணம் ஆகாது. உலகை ஆள நினைப்பவனுக்கு வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் லாபம். ஆகவே வசனம் எழுத உட்காரும் முன் "இவன் ஏன் கெட்டவன்" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். "இவன் ஏன் பேசுகிறான், அதுவும் ஏன் நாயகியிடம் பேசுகிறான்?" இதற்கு ஒரே வரியில் பதில் கிடைக்கும்வரை கணினியைத் திறக்காதீர்கள்.

காரணம் உள்ள பேச்சாளர்கள்

2007-இல் வந்த போர்ட்டல் விளையாட்டின் கிளாடோஸ் ஒரு சோதனைக்கூட இயந்திரம். சோதனைக்கு வந்தவருக்கு வழிமுறை சொல்வதே அதன் உத்தியோகம். கூடம் முழுக்கக் காலி, பேச வேறு ஆள் இல்லை. பேச்சை எடுத்துவிட்டால் வில்லியே இல்லை. பார்டர்லேண்ட்ஸ் 2-இன் (2012) ஹேண்ட்சம் ஜாக், தான்தான் கதாநாயகன் என்று மனமார நம்புகிறவர். நம்பினால் போதாது, எதிரியும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் நாம் வேலையாக இருக்கும்போதெல்லாம் ரேடியோவில் கூப்பிட்டு, தான் வாங்கிய வைரக் குதிரையைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறார். புது கார் வாங்கிய சித்தப்பாவின் நோய்தான் அது, அளவு மட்டும் பெரிது.

ஃபார் க்ரை 4-இன் (2014) பேகன் மின் இன்னும் நுட்பம். ஆட்டத்தின் தொடக்கத்தில் சாப்பாட்டு மேசையில் நம்மை உட்காரவைத்து, இதோ வந்துவிடுகிறேன் என்று எழுந்து போவார். எல்லோரும் அந்த இடைவெளியில் தப்பி ஓடுவார்கள், ஆட்டம் தொடங்கும். ஓடாமல் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் திரும்பி வந்து, அம்மாவின் அஸ்தியை வைக்க நம்மை அவரே அழைத்துப் போகிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்துச் சோறு போட்டுப் பேசத்தான் அந்த ஆள் விரும்பினார், நமக்குத்தான் பொறுமை இல்லை.

பேச்சையே வில்லனின் பலவீனமாக்கிய ஆட்டம் 1997-இல் வந்த ஃபால்அவுட். அதில் மாஸ்டர் என்பவர் மனிதர்கள் எல்லோரையும் ஒரே இனமாக, அரக்க உருவங்களாக மாற்றத் துடிக்கிறார், ஏனென்றால் பேதம் ஒழிந்தால் சண்டை ஒழியும் என்பது அவர் வாதம். அவரைச் சுட்டுக் கொல்லலாம். அல்லது, அந்த உருவங்களுக்குப் பிள்ளை பிறக்காது என்பதை மருத்துவ அறிக்கையோடு எடுத்துக் காட்டலாம். காட்டினால் மனிதர் நொறுங்கிப்போய், தன்னைத் தானே அழித்துக்கொள்கிறார். வாதம் செய்பவனை வாதத்தால் தோற்கடிக்க முடிந்தால்தான் அதுவரை கேட்ட பேச்சுக்கெல்லாம் மதிப்பு. உங்கள் வில்லனின் வாதச் சங்கிலியிலும் இப்படி உடையக்கூடிய ஒரு கண்ணி வேண்டும். அது எது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

செய்து பார்க்க ஒரு ஆள்

பெயர்: தட்சிணாமூர்த்தி. வயது 63. மேற்கு மாம்பலம், இரண்டாவது மாடி. மௌனத்தால் உபதேசம் செய்த சாமியின் பெயரை வைத்துக்கொண்டு இந்த மனிதர் மூச்சுவிடாமல் பேசுகிறார் என்பது முதல் நகைச்சுவை. அதை யார் வாயாலும் சொல்லவைக்காதீர்கள், தமிழ் ஆடுபவருக்குத் தானே புரியும்.

சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்துவிட்டார். நமது நாயகி செல்வி, பிளம்பர். ஒவ்வொரு மதகாகத் திறந்துகொண்டு போக வேண்டும். ஏன் இப்படிச் செய்தார்? பணத்துக்கு என்று வைத்தால் அவர் பேசவே வேண்டாம், ஒரு வங்கிக் கணக்கு எண் போதும். பழிவாங்க என்றால் பரவாயில்லை, ஆனால் ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். இப்படி வையுங்கள்: 2019 கோடைக்கு முன்பே, ஏரிகள் வறண்டுபோகும் என்று கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்குப் போனார். மூன்று நிமிடத்தில் "சரி சார், அடுத்து லிஃப்ட் பராமரிப்பு" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அந்தக் கோடையில் நான்கு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டன. இப்போது அவருடைய ஒரே நிபந்தனை: நகரம் மொத்தமும் அந்த உரையை முழுதாகக் கேட்டு முடித்தால் மதகு திறக்கும். உரை நான்கு மணி நேரம்.

இப்போது பாருங்கள், சதித்திட்டமும் பேச்சும் ஒன்றாகிவிட்டன. அவர் வாயை மூட வேண்டும் என்று ஆடுபவருக்குத் தோன்றுவது ஆட்டத்துக்கு வெளியே உள்ள எரிச்சல் அல்ல, ஆட்டத்தின் குறிக்கோளே அதுதான். உடையும் கண்ணியும் இதிலேயே இருக்கிறது: யாராவது ஒருவர் நடுவில் ஒரு நல்ல கேள்வி கேட்டுவிட்டால், முப்பது நாற்பது பேர் கைதட்டியதைவிட அது பெரிது. செல்வி கடைசியில் அடிக்கக்கூட வேண்டாம், கேட்டால் போதும்.

தகவல்களைச் சரியாகக் கொடுங்கள். பேச்சாளி வில்லனுக்கு அவர் துறை தெரிந்திருக்க வேண்டும். உளறுபவனைக் கேட்க ஆள் இராது. புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645, பூண்டி 3231, சோழவரம் 1081 மில்லியன் கன அடி என்று மனிதர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வேண்டும். மொத்தம் 11,257. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. இதையே ஒரு கட்டத்தில் பூட்டின் ரகசிய எண்ணாக வைத்துவிட்டால், அவர் பேச்சைக் கேட்டவருக்கு வழி திறக்கும், தாவிப்போனவர் முழிப்பார்.

எவ்வளவு பேசலாம்

மூன்று மணி நேர ஆட்டத்துக்கு வில்லன் பேச்சு மொத்தம் 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஐந்தரை விநாடிக்கு ஒரு வசனம் என்றால் சுமார் 270 வசனம். நிதானமான பேச்சுத் தமிழ் விநாடிக்கு இரண்டு சொல் போல ஓடும், ஆக மூவாயிரம் சொல். எழுதும்போது இது பாலைவனம்போல் விரிந்து தெரியும், எழுதி முடித்ததும் போதாது என்று தோன்றும். கூட்டாதீர்கள்.

ஆடுபவரின் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வரும் வசனம் எட்டு விநாடிக்குள் முடிய வேண்டும். அவரை நிறுத்திவைத்துப் பேசும் இடங்கள் மொத்த ஆட்டத்திலும் மூன்று போதும், ஒவ்வொன்றும் 40 விநாடி. மற்றதெல்லாம் நடந்துகொண்டே, குழாய் திருகிக்கொண்டே கேட்பது. தட்சிணாமூர்த்திக்குத் தெருவெல்லாம் கூம்பு ஒலிபெருக்கி கட்டிவைத்திருப்பதால் இது சுலபம். காட்டுக்குள் வில்லன் எப்படிப் பேசுகிறான் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஆட்டங்கள் நிறைய.

கணக்கில் எல்லோரும் ஏமாறும் இடம் எண்கள். கோப்பில் "3645" நான்கே இலக்கம். வாயில் அது "மூவாயிரத்து அறநூத்தி நாப்பத்தஞ்சு", இரண்டு விநாடிக்கு மேல் பிடிக்கும். வசன ஏட்டில் எண்ணை எழுத்தால் எழுதுங்கள்.

அடுத்து, செத்த பிறகு. ஆடுபவர் தோற்று மறுபடி வரும்போது அதே 40 விநாடி உரையை அப்படியே ஓடவிடுவது கொலைக்குச் சமம். 2002-இல் வந்த முதல் கிங்டம் ஹார்ட்ஸ் ஆட்டத்தில் காட்சிகளைத் தாண்ட முடியாது. ஒரு கடினமான சண்டைக்கு முன்னால் வரும் நீளமான பேச்சை ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் முதலிலிருந்து கேட்ட தலைமுறை இன்றுவரை அதைச் சொல்லிப் புலம்புகிறது. முதல்முறை முழு உரை, இரண்டாம்முறை ஒரு வரி, மூன்றாம்முறை முதல் ஒரு சொல் அல்லது ஒரு பெருமூச்சு. தாண்டும் பொத்தான் முதல்முறையிலிருந்தே இருக்க வேண்டும், ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் தாண்டுவதுபோல. தவறிப்போய் கைபட்டால் போகக்கூடாது. தட்சிணாமூர்த்தி விஷயத்தில் தாண்டுவதையும் அவர் கவனிக்கட்டும்: "லிஃப்ட் பராமரிப்புக்குப் போறியாம்மா? போ, போ."

தோல்விக்கான சிறு வசனங்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது பன்னிரண்டு எழுதுங்கள். எல்லாம் வந்து முடியும்வரை ஒன்று இரண்டாம்முறை வரக்கூடாது. ஆறு மட்டும் எழுதிக் குலுக்கிப் போட்டால் அரை மணியில் ஆடுபவர் வில்லனோடு சேர்ந்து ஒப்பிப்பார்.

வாயில் வரும் தமிழ்

முதல் வரைவில் எல்லோரும் எழுதுவது இதுதான்:

"பல்லாண்டு காலம் இந்த நகரம் என்னை ஏளனம் செய்தது. நான் யார் என்று அறியாத மூடர்களே! இன்று முதல் உங்கள் தாகம் என் கையில். என் அனுமதியின்றி ஒரு துளி நீர்கூட உங்கள் தொண்டையை நனைக்காது. ஹா ஹா ஹா!"

சொல்ல ஒரு பன்னிரண்டு விநாடி, தகவல் ஏதுமில்லை, கிரீடம் வைத்த ராஜா வேஷத்தின் வசனம் மாம்பலத்துக்காரர் வாயில். இதையே:

"நாலு ஏரி. பதினோராயிரத்து எரநூத்தி அம்பத்தேழு மில்லியன் கன அடி. சங்கத்துல எனக்குக் குடுத்தது மூணு நிமிஷம்."

இதில் கோபம் என்ற சொல் இல்லை, ஏளனம் இல்லை, சிரிப்பு இல்லை. காயம் மட்டும் தெரிகிறது. "நான் யார் தெரியுமா" என்ற தொடரை மொத்த ஏட்டிலும் தேடி அழித்துவிடுங்கள். அது எங்கே வருகிறதோ அங்கே எழுதியவருக்கே அவன் யார் என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

மரியாதை விகுதிதான் தமிழ் வில்லனின் கூர்மையான கத்தி. சாதாரணமாக இருக்கும்போது "ஏம்மா செல்வி, பாத்து கால் வை, பாசி" என்று ஒருமையில், பெரியவர் தோரணையில் பேசட்டும். கோபம் ஏற ஏற மரியாதை ஏற வேண்டும்: "வாங்க. ரெண்டாவது மதகையும் திறந்துட்டீங்க. உக்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" "டா", "டி" என்று இறங்கும் வில்லனைவிட, நீங்க வாங்க என்று ஏறும் வில்லனைக் கண்டு வயிறு கலங்குவது நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எந்தக் கட்டத்தில் நீ நீங்க ஆகிறது என்பதை ஏட்டில் தனிப் பத்தியாகக் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் ஒலிப்பதிவில் கலந்துவிடும்.

தனியாகப் பேசவிடாதீர்கள் என்பது தெருக்கூத்து கற்றுத்தரும் பாடம். துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, தன் பெருமையைத் தானே அளந்துகொண்டுதான் நுழையும். அதைத் தாங்கமுடிவது எதனால்? பக்கத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நின்று "ஐயா யாருங்க? எந்த ஊருங்க?" என்று கேட்டு, காலை வாரிக்கொண்டே இருப்பதால். நமது வில்லனுக்குக் கட்டியங்காரன் அவர் மனைவி. ஒலிபெருக்கியில் நகரமே நடுங்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு குரல். "போட்டாச்சு" என்று அவர் மைக்கை மூடாமலே சொல்ல வேண்டும். 270-இல் 20 வசனத்தை இந்த அம்மாவுக்கு ஒதுக்குங்கள், மனிதருக்கு இருக்கும் ஒரே நிரந்தரக் கேட்பவர் அவர்தான் என்பது மெல்ல விளங்கும்.

கணினியில் கோக்கும்போது

வசனங்களை நாலு தட்டாகப் பிரியுங்கள்: கதைக்குக் கட்டாயமானவை, நடந்ததற்கு மறுமொழி, தோல்விக் கிண்டல், சும்மா பேச்சு. மேல்தட்டு வசனம் வந்தால் கீழ்த்தட்டு நின்றுவிட வேண்டும். நின்றது வரிசையில் காத்திருக்கக்கூடாது, விழுந்துவிட வேண்டும். காத்திருக்கவிட்டால் என்ன ஆகும் என்றால், செல்வி மூன்றாவது மதகில் நிற்கும்போது முதல் மதகைப் பற்றிய கிண்டல் வரும். கட்டாய வசனம் நடுவில் அறுந்தால் மட்டும் "எங்க விட்டேன்?" என்று ஒரு ஒட்டு வசனம் போட்டு, முன்பே குறித்துவைத்த இடத்திலிருந்து தொடருங்கள். சும்மா பேச்சுக்கு நடுவே 20 விநாடியாவது இடைவெளி.

தமிழ் எழுத்து திரையில் தட்டச்சுபோல் ஒவ்வொன்றாக விழும் வித்தைதான் அதிகம் பேர் மாட்டும் இடம். யூனிகோடில் "வணக்கம்" ஐந்து எழுத்து அல்ல, ஏழு குறி; "கொ" இரண்டு குறி, "ஸ்ரீ" நான்கு. குறி குறியாகக் காட்டினால் முதலில் "க" வந்து, பிறகு அதன் இரண்டு பக்கமும் கொம்பும் காலும் முளைத்து "கொ" ஆகும். "வணக" என்று நின்று பிறகு புள்ளி வந்து விழும். வில்லன் மிரட்டும்போது எழுத்து நெளிந்தால் மிரட்டல் எடுபடாது. குறிகளை எண்ணாமல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகளை எண்ணிக் காட்டுங்கள். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் எழுத்து வடிவமைந்த பிறகு வெட்டும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழை வடிவமைக்காது; "கெ" என்று கொடுத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தனியாக வடிவமைப்பு நிரலைச் சேர்க்காமல் அதில் இறங்காதீர்கள்.

வசன எழுத்து இரண்டு வரிக்குள், கைபேசித் திரையிலும் படிக்கும் அளவில். பேச்சு முடிந்த பிறகும் அரை விநாடி நிற்கட்டும்.

குரல் பதிவு

வடபழனி, சாலிகிராமம் பக்கம் டப்பிங் அரங்குகள் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கும். வீட்டில்தான் பதிவு என்றால் மைக், ஸ்டாண்ட், கேபிள் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் முடியும். அறையின் எதிரொலியை அடக்கக் கோரைப்பாய் உதவாது, மெல்லியது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள், துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், மைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து. "ப" சொல்லும்போது வரும் காற்று நேராக அடிக்காது. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஒலி மட்டத்தின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவே.

நேரம்தான் சென்னையில் பெரிய சிக்கல். பகலில் ஹாரன், தண்ணீர் லாரி, பழைய பேப்பர்காரர். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடியுமுன்னே பாட்டு. இரவு பதினொன்றுக்குத் தொடங்கி நான்குக்குள் முடிப்பது நடைமுறை. மின்விசிறியும் ஏசியும் நிற்க வேண்டும், ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூச்சு வாங்கவிடுங்கள். வியர்வையில் நனைந்த நடிகர் வில்லத்தனத்தை விட்டுவிட்டு எரிச்சலைத்தான் பதிவு செய்வார்.

அமைதியான வசனங்கள் முதலில், கத்தல், சிரிப்பு, இருமல் எல்லாம் கடைசியில். தலைகீழாகச் செய்தால் பத்தாவது நிமிடமே தொண்டை கட்டிக்கொள்ளும். ஒலிபெருக்கிக் குரலை நடிக்கச் சொல்லாதீர்கள். சுத்தமாகப் பதிந்துகொண்டு, பிறகு 500 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4,000-க்கு மேலும் வெட்டுங்கள். கூம்புக் குரல் வந்துவிடும். தெருக்கோடியில் இரண்டாவது கூம்பு இருப்பதுபோல் கேட்க, அதே குரலைக் கால் விநாடி பின்தள்ளி மெதுவாகச் சேருங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 முதல் 350 மீட்டர் ஓடுவதால் கால் விநாடி என்பது 85 மீட்டர் சொச்சம், மாம்பலத்துத் தெரு ஒன்றுக்குச் சரியாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் நடிகரை அனுப்பிவிடாதீர்கள். மைக் ஓடிக்கொண்டிருக்க, அவரை அதே நாற்காலியில் 30 விநாடி பேசாமல் உட்காரச் சொல்லி அதையும் பதியுங்கள். வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அந்த அறையின் வெறும் ஓசை தேவைப்படும். கோப்புக்கு வில்லனின் பெயரையே வையுங்கள். மனிதர் தன் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டது அந்த 30 விநாடி மட்டும்தான்.